இத்தாலி விழாத வியாழக்கிழமை

ரோமாபுரி இன்று மாலை விழும். இரண்டாயிரம் ஆண்டு நிமிர்ந்து நின்ற ஒரு நாகரிகம் சூரியன் மறைவதற்குள் மண்டியிடும். இத்தாலிய அரசின் கடன் பத்திரங்களை உலகச் சந்தை பழைய பேப்பர் விலைக்கும் கேட்காது. வரலாறு இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளும். இதை அறிவித்தபோது பேராசிரியர் தேவராஜன் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“வாயைக் கொப்பளிச்சுட்டு அப்புறம் விழ வையுங்கோ,” என்றாள் மங்கை. “புடவையெல்லாம் தெறிக்கறது.”

தேவராஜன் முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். நடத்தியதெல்லாம் தேவைக் கோடும் அளிப்புக் கோடும்தான். ஐரோப்பா அவர் வாழ்க்கைக்குள் வந்தது கிரேக்க நாட்டின் தயவால். கிரேக்கம் கடனைத் திருப்ப முடியாமல் தத்தளித்த வருடம், ஏதோ ஒரு சங்கத்து ஆண்டு விழாவில் பேச்சாளர் கடைசி நேரத்தில் வராமல் போக, இவரைப் பிடித்து மேடையேற்றினார்கள். கையில் வேறு சரக்கு இல்லாததால் காலையில் பேப்பரில் படித்ததைச் சொன்னார்: கிரேக்கம் விழும். விழுந்தது. அவர் சொன்னபோதே அது முக்கால்வாசி விழுந்திருந்தது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அன்றிலிருந்து, காஞ்சிபுரத்தில் ஐரோப்பிய அரசுகளின் கடன் பத்திரங்களைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் தேவராஜனிடம்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. யாருக்கும் சந்தேகம் வராததால் அவரே போய்ச் சொன்னார். நூலகத்தில் சொன்னார், ஓய்வுபெற்றோர் சங்கத்தில் சொன்னார், ஒரு முறை காதுகுத்து விழாவில் மைக் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

அடுத்தது இத்தாலி என்று அவர் அறிவித்துப் பல வருடம் ஆகிறது. இத்தாலியில் பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணிகள் உடைந்தன, வட்டி ஏறியது, இறங்கியது. பத்திரம் வாங்கியவர்களுக்குப் பணம் மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தாலியின் இந்தப் பிடிவாதத்தைத் தேவராஜன் தனிப்பட்ட அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். “காலம்தான் பிசகியது, கருத்து பிசகவில்லை” என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார். ஊர் அதற்குப் பழகிவிட்டது. சன்னதித் தெரு முனையில் பூக்கடை ராமராஜன், ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவுக்காரரை விசாரிப்பது போல விசாரிப்பார்: “இத்தாலி எப்டி இருக்குது சாமி? இன்னும் இழுத்துக்கினுதான் இருக்குதா?”

அந்த ‘இழுத்துக்கினு’ தேவராஜனைக் குத்திவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் அறிவித்தார். ஜூலை மாதக் கடைசி வியாழன் ஐரோப்பிய மத்திய வங்கி கூடுகிறது. அன்று அது வட்டியை அரை சதவீதம் உயர்த்தும். வட்டி உயர்ந்தால் இத்தாலிக்கு மூச்சு முட்டும். அன்று மாலை அருகன் வணிகர் நலச் சங்கத்தில் தனக்குப் பேச்சு இருக்கிறது. தலைப்பு: ‘வீழும் இத்தாலி - அரசுக் கடனும் ஐரோப்பாவின் அந்திமமும்’. அந்த மேடையில் சபதம் செய்யப்போகிறார். இன்று வட்டி ஏறாவிட்டால், இத்தாலி ஆடாவிட்டால், தேவராஜன் இனிமேல் எந்த மேடையிலும் வாய் திறக்க மாட்டான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மங்கை சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இவர் சொன்னால் செய்துவிடுவார், அதுதான் ஆபத்து. இருபது வருடம் முன்பு ஒரு வங்கிக் காசாளர் இவரை வரிசையில் நிற்கச் சொன்னதற்காக ‘இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வந்தார். இன்றுவரை மிதிக்கவில்லை. பென்ஷன் எடுக்கவும், பாஸ் புத்தகம் பதியவும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திட்டு வாங்கவும் மங்கைதான் அந்த வாசலை மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுக்களையில் அவள் மகளை ஓரமாக இழுத்தாள்.

“கோதா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. மேடைல பேசலைன்னா உங்கப்பா எங்க பேசுவார்?”

கோதாவுக்குக் கையிலிருந்த காபி ஆறியது. ஊரடங்கு வருடம் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ஊரில் மேடையெல்லாம் மூடிக் கிடந்த அந்த மாதங்களில், தேவராஜன் ஊஞ்சலில் உட்கார்ந்து, காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு ஐரோப்பியக் கடன் நெருக்கடியை முழுதாக நடத்தி முடித்தார். முடித்துவிட்டு, பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்காது என்று மறுபடியும் நடத்தினார். பின்வரிசையில் வாஷிங் மெஷின் மட்டுமே இருந்தது. மங்கை அந்த நாட்களில்தான் தினமும் இரண்டு வேளை கோவிலுக்குப் போக ஆசைப்பட்டாள். கோவிலும் மூடியிருந்தது.

“நான் பேசிப் பாக்கறேன்மா,” என்றாள் கோதா.

அவளுக்குப் பேசத் தகுதி இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஐரோப்பிய அரசுகளின் பத்திர விலைகள் மதியத்திலிருந்து திரையில் ஓடும். அவற்றில் எதுவும் அபத்தமாக இல்லை என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். இத்தாலி அவள் பொறுப்பு. மூன்று வருடத்தில் இத்தாலி அபத்தமாக நடந்துகொண்டது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரோ புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால். தேவராஜன் வெளியே சொல்லும்போது இது வேறு மாதிரி இருக்கும். “என் பெண்ணுடைய ஒப்புதல் இல்லாமல் இத்தாலியப் பத்திரம் ஒன்று அசையாது.”

“அப்பா, யாருமே வட்டி ஏறும்னு எதிர்பாக்கல. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கூட இல்லை.”

“சந்தை என்பது மந்தை, கோதா.”

“சரி. முடிவு அஞ்சே முக்காலுக்கு வந்துடும். அதைப் பாத்துட்டு சபதம் பண்ணேன்.”

தேவராஜன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “முடிவு வந்தப்பறம் சொன்னா அதுக்குப் பேரு சபதம் இல்லை, செய்தி வாசிக்கறது.”

அவருடைய ஏற்பாடு துல்லியமாக இருந்தது. ஐந்து மணிக்குக் கூட்டம். ஐந்தேகாலுக்கு அவர் பேச எழுவார். ஐந்தே முக்காலுக்குச் சற்று முன் சபதம். கைதட்டல் அடங்கும்போது கோதா போனும் கையுமாக மேடையேறி, முடிவைச் சபைக்கு வாசிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை, சங்கத்துச் செயலாளர் ஜினதாஸ் பத்து நாள் முன்னால் வீட்டுக்கு வந்து அழைத்தபோது சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேவராஜன் காதில் வாங்கவில்லை.

ஜினதாஸ் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர்; சங்கத்தில் மற்றவர்களைப் போல அவரும் சமணர். தாம்பாளத்தில் பழம் வைத்துக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், ஆறு மணிக்கெல்லாம் முடிச்சிட்டா நல்லாயிருக்கும். எங்காளுங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டாவணும். நாலு மாச விரதம் வேற ஆரம்பிச்சிடுச்சு. மத்த நாள்ள கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கறவங்க கூட இப்ப கறாரா இருப்பாங்க.” தேவராஜன் அப்போது, ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எத்தனை வாக்கியத்தில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். “ஐரோப்பாவை அவசரப்படுத்த முடியாது, ஜினதாஸ்,” என்றார்.

மேற்கு ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தச் சின்னக் கல்யாண மண்டபம். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே அரங்கம். தேவராஜன் பட்டுக் கரை வேட்டியில் ஏறி வந்தபோது நூறு நாற்காலியும் நிரம்பியிருந்தது. கோதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பட்டு நூல் வியாபாரிகள், மண்டிக்காரர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து பைக்கில் வந்த விவசாயிகள், அவர்கள் மனைவிமார்கள், எல்லோரும் தலை வாரிப் பவுடர் போட்டு, பேச்சைக் கேட்டே தீர்வது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மைக் செட் சாமுவேல் மேடை ஓரத்தில் தன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ‘அலோ, ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய வயர் ஒன்று தரையோடு ஓடி, மாடிப்படி வழியாகக் கீழே இறங்கிப் போனது. படியேறியபோது அதில் கால் இடறித்தான் கோதா மேலே வந்தாள்.

தேவராஜன் கணக்கில் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்த வரவேற்பு, கால் மணியில் முடிகிற ஜாதியில்லை. குத்துவிளக்குக்கு ஐந்து முகம், ஏற்ற ஏழு பேர். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினால் துணைத் தலைவர் வருத்தப்படுவார், அவருக்குப் போர்த்தினால் பொருளாளர். மண்டபத்துக்கு வாடகையைக் குறைத்துக்கொண்டவருக்கு ஒன்று. போட்டோ எடுப்பவர் வருவதற்குள் போர்த்திவிட்டதால் தலைவருக்கு மறுபடி ஒன்று. ஜினதாஸ் வரவேற்புரையில் தேவராஜனை ‘ஐரோப்பாவே அண்ணாந்து பார்க்கும் நம்ம ஊர் மேதை’ என்றார். தேவராஜன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, மறுப்பு எதுவும் சொல்லாமல் இருந்தார். மைக் அவர் கைக்கு வந்தபோது ஐந்து ஐம்பது.

கோதாவின் போனில் முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. மாற்றமில்லை. வட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இத்தாலியின் பத்திர விலையைப் பார்த்தாள். கொஞ்சம் ஏறி, தெம்பாகவே இருந்தது.

கைப்பையில் இருந்த ஒரு ரசீதின் பின்னால் எழுதினாள்: ‘அப்பா, மாற்றமில்லை. சபதம் வேண்டாம்.’ எடுத்துக்கொண்டு மேடையோரம் போனாள். போன நேரத்தில் தேவராஜன் “அவையோர்க்கு வணக்கம்” என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார்.

அது அவர் வழக்கம். கோவிலில் பாசுரம் சேவிக்கிற குடும்பம். தாத்தாவும் அப்பாவும் கண்ணை மூடினால் கடைசி அடிக்குத்தான் திறப்பார்கள். பெருமாளுக்கு முன்னால் கண்ணை மூடுவதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. பேரன் அதே பாவனையோடு வட்டி விகிதத்துக்கு முன்னால் மூடினார். திறப்பது கைதட்டல் கேட்டுத்தான். நடுவில் குழந்தை அழுதாலும், மின்விசிறி கழன்றாலும் இமை அசையாது.

“நேற்று நீங்கள் நூறு ரூபாய் கொடுத்து அரசாங்கத்திடம் ஒரு பத்திரம் வாங்குகிறீர்கள். வருடம் மூன்று ரூபாய் தருவதாக அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது. இன்று வட்டி ஏறிவிட்டது. புதுப் பத்திரம் நான்கு ரூபாய் தருகிறது. உங்கள் பழைய பத்திரத்தை யார் நூறு ரூபாய்க்கு வாங்குவார்? போன தீபாவளிப் புடவையை இந்தத் தீபாவளிக்கு விற்கிற கதைதான். விலையை இறக்கினால்தான் நகரும். வட்டி ஏறினால் பத்திரம் இறங்கும்; வட்டி இறங்கினால் பத்திரம் ஏறும். இது பிரபஞ்ச விதி!”

சபையில் தலைகள் ஆடின. இரண்டாவது வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “புடவை கத கரெக்டுதான்,” என்றார்.

“இரண்டு நெசவாளிகள். இருவருக்கும் பாவு கொடுக்கிறீர்கள், பட்டு கொடுக்கிறீர்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை புடவையோடு வந்து நிற்பார். அவர் ஜெர்மனி. இன்னொருவர் அமாவாசை கழியட்டும் என்பார், மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்பார். அவர் இத்தாலி! அவருக்குப் பாவு கொடுக்க நீங்கள் கூடுதலாக என்ன கேட்பீர்களோ, அந்த வித்தியாசம்தான் ஒரு நாட்டின் மானம்!”

“ஆனா பொடவ வந்துடுதில்ல?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவர்கள் அவரை அடக்கினார்கள். தேவராஜன் இமை அசையவில்லை.

மேற்கு ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. முதலில் எழுந்தது ஒரு வயதான தம்பதி. சத்தம் வரக் கூடாதென்று நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளி, மேடையைப் பார்த்துக் கை கூப்பி, கதவருகே கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினார்கள். அப்புறம் ஒரு குடும்பம். அப்புறம் ஒரு வரிசை. ஒவ்வொருவரும் கை கூப்பாமல் போகவில்லை. கண் மூடியிருக்கிற பேச்சாளருக்கு ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனது அந்தச் சபை.

ஜினதாஸ் குனிந்தபடி கோதாவிடம் வந்தார். நெற்றியில் வியர்வை.

“பாப்பா, சார் எப்பம்மா முடிப்பாரு? தப்பா நெனச்சுக்காத. கீழ வாழ எல எல்லாம் போட்டு ரெடியா இருக்குது. இவங்க எந்திரிச்சுப் போறது சாருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு.”

கோதா மேடையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவின் பேச்சு இந்த ஒரு வாரமாகக் குளியலறைக் கதவு வழியாக அவளுக்கு மனப்பாடம். புடவை, இரண்டு நெசவாளிகள், அப்புறம் ரோமாபுரி, ரோமாபுரியில் நீரோ மன்னன், நீரோ முடிந்ததும் சபதம். இப்போதுதான் ரோமாபுரிக்குக் கால் வைத்திருக்கிறார். நீரோவுக்குப் போக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அதற்குள் இந்த அரங்கம் காலியாகிவிட்டால்?

“அங்கிள், அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்,” என்றாள். குரலில் இருந்த உற்சாகம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. “எல்லாரையும் போகச் சொல்லுங்கோ. சீக்கிரம். விரதம் முக்கியம் இல்லையா?”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நானே சொல்றேன், வாங்கோ.”

சொந்த அப்பாவின் கூட்டத்தைக் கலைக்கிற காரியத்தைக் கோதா வரிசை வரிசையாகச் செய்தாள். ஒவ்வொரு வரிசை முனையிலும் குனிந்து, “நீங்க சாப்பிடப் போங்கோ, அப்பாவே சொல்லச் சொன்னார்” என்றாள். “சாரா சொன்னாரு? எவ்ளோ பெரிய மனசு!” என்று நெகிழ்ந்து எழுந்தார்கள். கைக்குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் மட்டும், “அக்கா, அந்த வட்டி வித்தியாசம், ஸ்பிரெட், எவ்ளோ போகும்னு சொல்லலியே” என்று தயங்கினான். பாயசம் என்றாள். போனான்.

நீரோ வந்துவிட்டான். ரோம் எரிந்தது, அவன் பிடில் வாசித்தான். படியில் தயாவதி, ஜினதாஸின் மனைவி, கரண்டியும் கையுமாகத் தலையை மட்டும் நீட்டி, வாய்க்குப் பக்கத்தில் விரல்களைக் குவித்துக் காட்டிவிட்டு இறங்கினாள். கடைசி நான்கு பேர் அவள் பின்னால் போனார்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் மிச்சம். ஜினதாஸின் பெரியப்பா மகாவீர். வெள்ளை ஜிப்பா, நெஞ்சில் சாய்ந்த தாடை.

“அங்கிள், இவரையும்…”

“அவரு வரமாட்டாரும்மா. நேத்துலேந்து உபவாசம். அதான் அசந்துட்டாரு.” ஜினதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டார், படியில் இரண்டு இரண்டாக இறங்கி ஓடினார்.

மேடையில் தேவராஜனின் குரல் உச்சத்துக்குப் போனது. நரம்பு புடைத்தது. வலது கை தானாக மேலே எழுந்தது.

“இந்தச் சபையின் முன்னால், உங்கள் ஒவ்வொருவரையும் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்! இன்று ஐரோப்பாவில் வட்டி ஏறும்! இத்தாலி ஆடும்! இது நடக்காவிட்டால், இந்தத் தேவராஜன் இனி எந்த மேடையிலும் வாய் திறக்க மாட்டான்! இது சத்தியம்!”

கைதட்டலுக்காகக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். மகாவீர் ஒரு குறட்டை விட்டார்.

தேவராஜன் கண்ணைத் திறந்தார்.

நூறு நாற்காலி. நூறும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏதோ குண்டு வெடிக்கப்போவதாகச் சொல்லி எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, அவரிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டது போல ஒரு பார்வை அவர் முகத்தில். கை இன்னும் மேலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மெல்ல இறக்கி, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“சபை எங்க?”

“சாப்பிடப் போயிருக்கா அப்பா. பொழுது சாயறதோன்னோ.” கோதா ரசீதை நீட்டினாள்.

படித்தார். மேடையிலிருந்த சிம்மாசன நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடத்தில் பத்து வயது கூடினவர் போல இருந்தார். கோதாவுக்கு முதல் தடவையாகப் பாவமாக இருந்தது.

“எத்தனை பேர் கேட்டா?” என்றார் மெல்ல.

“ஒருத்தரும் இல்லைப்பா.”

“மகாவீர்?”

“தூங்கறார்.”

“தூங்கறவன் சாட்சி ஆக மாட்டான்.” தேவராஜனின் குரலில் லேசாக உயிர் வந்தது. சாஸ்திரத்தில் வழி தேடுகிற குடும்பம் அது. “சாமுவேல், நீ கேட்டியோ?”

சாமுவேல் ஒரு குமிழியைத் திருகிக்கொண்டிருந்தார். “நான் சவுண்டத்தான் கேப்பேன் சார். பேச்சக் கேக்கறதில்ல. இருபத்தஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறேன், கேக்க ஆரம்பிச்சா தாங்காது.”

“இவ சொல்றது வாஸ்தவந்தானா? யாருமே இல்லையா?”

“இங்க யாரும் இல்ல சார்.”

தேவராஜன் நாற்காலியில் சாய்ந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கிரேக்கம் விழுந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு போலிருந்தது. “சபை இல்லாத இடத்துல சொன்னது சபதம் ஆகாது, கோதா. அது வெறும் சாதகம். பாட்டுக்காரா கார்த்தால பண்ணுவாளே, அந்த மாதிரி.”

“ஆமாம்பா. சாதகம்.”

“அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.”

“அம்மா ரொம்ப சந்தோஷப்படுவா,” என்றாள் கோதா. உண்மையைத்தான் சொன்னாள்.

ஜன்னலில் வெளிச்சம் போனதும் படியில் காலடிகள் கேட்டன. முதலில் ஜினதாஸ், ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி. பின்னாலேயே சபை முழுதும் ஏறி வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு கனிவு, கல்யாணத்தில் பெண் வீட்டார் முகத்தில் இருக்குமே, அது.

“மன்னிக்கணும் சார்,” என்றார் ஜினதாஸ். “கடைசில இன்னா சொன்னீங்கன்னு கேக்கக் குடுத்து வைக்கல. எங்களுக்கு ஒண்ணுமே காதுல விழல. இல்லப்பா?”

“ஒண்ணும் விழல,” என்றார் பொருளாளர்.

“சுத்தமா விழல,” என்றார் துணைத் தலைவர்.

“அதனால இன்னா, சுருக்கமா சொல்லிடுங்க சார். ஐரோப்பா இன்னா ஆவும்?”

தேவராஜன் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார். மைக்கைப் பிடித்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

“நான் சொன்னது ஒன்றுதான். ஐரோப்பாவில் இன்று எந்த மாற்றமும் இருக்காது. இத்தாலி, அன்பர்களே, நாம் நினைப்பதைவிடக் கெட்டியான நாடு.”

குறிப்பெடுத்த பையன் போனைத் தட்டிப் பார்த்தான். “ஐயோ சார், கரெக்ட்! ரேட் மாறல!” அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. மகாவீர் திடுக்கிட்டு விழித்து, எதற்கென்று தெரியாமல் அவரும் தட்டினார். தலைவர் தன்மேல் இரண்டாவதாகப் போர்த்திய பொன்னாடையை எடுத்துத் தேவராஜனுக்குப் போர்த்தி, ‘பொருளாதாரப் பேரொளி’ என்ற பட்டத்தை வாயாலேயே வழங்கினார். ஜினதாஸ் மைக்கைப் பிடுங்கி, “அடுத்த மாசமும் சார்தான் பேசணும். இன்னா ஆனாலும் சார் பேசாம இருக்கக் கூடாது, இது சங்கத்தோட தீர்மானம்” என்றார். தேவராஜனின் கண் கலங்கியது. கோதா அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘தப்பிச்சோம்.’ மங்கையிடமிருந்து கும்பிடுகிற கை பதினான்கு வந்தது.

கூட்டம் கலைகிற நேரத்தில் தயாவதி மேலே வந்தாள். “சார், அந்த நீரோ ராசா கத ரொம்ப நல்லா இருந்துது. ஊரு எரியச் சொல்லோ பிடில் வாசிச்சிக்கினு இருந்தானாமே, பாவி.”

“அப்படியா, சந்தோஷம்மா,” என்றார் தேவராஜன், பொன்னாடையை நீவிக்கொண்டே.

“இருட்டிடுச்சு, இனிமே எல போட்டுப் பரிமாற மாட்டோம். ஒங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே பார்சல் கட்டி வச்சிட்டேன். நீ வந்து எடுத்துக்கோ பாப்பா.”

கோதா அவள் பின்னால் படியிறங்கினாள். பாதிப் படியில்தான் தோன்றியது. நீரோ வந்த நேரத்தில் தயாவதி கரண்டியும் கையுமாகக் கீழேதானே போனாள்? காலுக்கடியில் சாமுவேலின் வயர் கூடவே இறங்கி வந்தது. படி முடிந்து சுவரோரம் ஓடியது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் திரும்பியது.

கூடத்தில் நாலைந்து பெண்கள் இலை எடுத்துக்கொண்டும் மேசை துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். பாயசத் தவலை வைத்திருந்த மேசைக்கு நேர் மேலே, ஜன்னல் கம்பியில், நைலான் கயிற்றால் கட்டி ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மூலையில் பச்சை விளக்கு எரிந்தது.

“நல்ல வேளை, சாமுவேல்,” என்றது பெட்டி, அப்பாவின் குரலில். “ஒருத்தரும் கேக்கலை.”

பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. தயாவதி பார்சல் பையைக் கோதாவின் கையில் கொடுத்தாள். “பாயசம் தனியா தூக்குல இருக்குது, சிந்தாம எடுத்துக்கினு போ.”

பெட்டி ஐந்து மணியிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது.